புல்வெளியா, காடா? – பழைய பயண நூல்கள் தரும் சாட்சி

ஒரு மலைச்சரிவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு என்ன வளர்ந்திருந்தது? மரமா, புல்லா? கேட்டறிய அக்காலத்து மனிதர் எவரும் இன்று இல்லை. நிழற்படமும் அப்போது இல்லை. ஆயினும் இக்கேள்விக்கு விடை காணவேண்டிய தேவை இன்று நமக்கு இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் பரவிவிட்ட அயல்நாட்டு மரங்களை அகற்றி, அங்கே முன்பிருந்த தாவரங்களை மீட்கும் பணிகள் நடைபெற்று வருகின்றன. முன்பிருந்தது காடா, புல்வெளியா என்று தெரியாமல் அப்பணியைச் செய்ய இயலாது. தவறான விடையை நம்பிச் செயல்பட்டால் மலையின் நீர்வளமும், அங்கு வாழும் உயிரினங்களும், அம்மலையை நம்பி வாழும் மக்களும் துன்புற நேரும்.

இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகள் இரண்டு வகைச் சான்றுகளை நாடுகின்றனர். ஒன்று, மண்ணில் புதைந்துள்ள சான்று. மற்றொன்று, நூல் நிலையங்களில் தூசி படிந்து கிடக்கும் பழைய பயண நூல்களும் வழிகாட்டி நூல்களும். இந்நூல்கள் எவ்வாறு பிறந்தன, அவை எதைச் சரியாகக் கண்டன, எதைக் காணத் தவறின என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மேற்கே உள்ள மலைகள்

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களில் வாழ்பவர்களுக்கு மலை என்றாலே அது மேற்குத் திசையில் உள்ளது. பெரியபாளையத்தின் அருகே செல்லும் ஆரணியாறு, ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள மலைப்பகுதியில் தோன்றிப் பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டுக்கு அருகே கடலை அடைகிறது. மலையில் பெய்த மழைதான் சமவெளியின் கிணறுகளில் ஊறுகிறது. தமிழ்நாடு முழுமைக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். காவிரி, பவானி, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகள் அனைத்தும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் நீரால் வாழ்பவை.

இம்மலைகளுள் மிகுதியாக எழுதப்பட்டது நீலகிரி. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் அதன் ஒவ்வொரு சரிவையும் ஓடையையும் அறிந்திருந்தனர். ஆனால் அவர்களுடைய அறிவு வாய்மொழியாக வழங்கியது, ஏட்டில் ஏறவில்லை. ஆகவே அச்சில் வந்த செய்திகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவையே. இவற்றைப் படிக்கும்போது இந்த உண்மையை நாம் மறத்தல் ஆகாது.

முதலில் ஏறியவர்கள்

நீலகிரியைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதிய முதல் நேரடிச் செய்தி 1603ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கள்ளிக்கோட்டையிலிருந்து புறப்பட்ட பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மலையேறிச் சென்று தோடர்களையும் படகர்களையும் கண்டார். அவர் எழுதிய கடிதம் நெடுங்காலம் எவர் கவனத்துக்கும் வராமல் இருந்தது. மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. தோடர்கள் மலைமேல் எருமை மேய்த்து வாழ்வது குறைந்தது நானூறு ஆண்டு வழக்கம் என்று உறுதியாகக் கூற அக்கடிதம் இன்று உதவுகிறது.

அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இடைவெளி. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்ததும், புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் விளைபொருள்களை ஆராயும்படி மருத்துவரும் தாவர இயலாருமான பிரான்சிஸ் புகானனைக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. அவர் 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளைச் சுற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் டணாயக்கன்கோட்டையிலிருந்து நீலகிரியின் சரிவில் சிறிது தொலைவு ஏறிப் பார்த்துத் திரும்பினார். அவருடைய பயண நூல் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் தங்கிய டணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

வில்லியம் கீஸ் என்னும் நில அளவையாளர் 1812இல் மலைமேல் சென்று அறிக்கை எழுதினார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் 1818இல் ஏறினர். மறு ஆண்டு சல்லிவனே ஏறினார். அதே 1819இல் லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர இயலாரும் அங்கு சென்று செடிகளைத் திரட்டினார். 1821இல் சென்னைச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த கடிதத்தில் உதகமண்டலத்தின் பெயர் 'வோட்டோகிமண்ட்' என்று அச்சிடப்பட்டிருந்தது. காதில் விழுந்த தோடர் சொல்லை எழுதியவர் தம் மொழியின் எழுத்துகளில் அடைக்க முயன்றதன் விளைவு அது. பழைய நூல்களில் ஓர் ஊரைத் தேடுபவர்கள் இத்தகைய பல வடிவங்களையும் தேடவேண்டியிருக்கும்.

பயண நூல் வழிகாட்டி நூலாகிறது

பயண நூல் 'நான் கண்டது இது' என்று கூறும். வழிகாட்டி நூலோ 'நீங்கள் சென்றால் இப்படிச் செல்லுங்கள்' என்று கூறும். நீலகிரியைப் பற்றிய எழுத்து 1820களில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிற்று. இதற்குக் காரணம் நோய். சமவெளியில் காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் தளர்ந்த படைவீரர்களும் அதிகாரிகளும் உடல் தேற ஒரு குளிர்ந்த இடத்தைக் கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் ஹஃப் என்னும் பாதிரியார் எழுதிய கடிதங்கள் 1829இல் நூலாக வெளிவந்து, நீலகிரியின் தட்பவெப்பத்தை உலகுக்கு அறிவித்தன. தோடர்களைப் பற்றிக் கேப்டன் ஹார்க்னஸ் 1832இல் தனி நூல் எழுதினார். மருத்துவர் ராபர்ட் பெய்க்கியின் நூல் 1834இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. மலையின் அமைப்பு, மண், விளைபொருள், தட்பவெப்பம் ஆகியவற்றுடன் நிலப்படங்களும் வழித்தட அட்டவணைகளும் அதில் இருந்தன. அதை ஒரு முழுமையான வழிகாட்டி நூல் எனலாம்.

எல்லா எழுத்தாளர்களும் மலையைப் போற்றவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற பயணியான ரிச்சர்ட் பர்ட்டன் 1847இல் நோய் விடுமுறையில் உதகைக்கு வந்தார். அவர் 1851இல் வெளியிட்ட நூல் அவ்வூர் வாழ்க்கையைக் கேலி செய்தது. லண்டனில் ஜான் மர்ரேயின் பதிப்பகம் 1836 முதல் ஐரோப்பிய நாடுகளுக்கு வழிகாட்டி நூல்களை வெளியிட்டு வந்தது. ஈஸ்ட்விக் எழுதிய அதன் சென்னை மாகாண வழிகாட்டி 1859இல் வந்தது.

வழிகாட்டி நூல் என்பது ஐரோப்பியர்களுக்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. மர்ரேயின் சென்னை நூலுக்கு 21 ஆண்டுகள் முன்பே, 1838இல், சென்னையில் தெலுங்கில் ஒரு பயண நூல் அச்சாயிற்று. அதுவே 'காசி யாத்ரா சரித்ரமு'. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18ஆம் நாள் சென்னையை விட்டுப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். திருப்பதி மலையையும், அகோபிலம், ஸ்ரீசைலம் ஆகியவை உள்ள நல்லமலைக் காடுகளையும் அவர் கடந்து சென்றார். எந்த ஊரில் தங்க இடம் உண்டு, எங்கே நல்ல நீர் கிடைக்கும், எங்கே கடைகள் உள்ளன, எந்தப் பாதை கடினம் என்று நாள்தோறும் குறித்து, நண்பர் சீனிவாச பிள்ளைக்கு எழுதி அனுப்பினார். வீராசாமி மறைந்த பின் அந்த நண்பரே அதை அச்சிட்டார். பின்னே வரும் யாத்திரிகருக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கம் அந்நூலில் தெளிவாகத் தெரிகிறது.

கொதிநீரும் மலையின் உயரமும்

பழைய பயணிகள் எழுதிய எல்லாவற்றையும் நம்பலாமா? அவர்கள் அளந்தவற்றையும் எண்ணியவற்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அளந்தவற்றை இன்று நாம் சரிபார்க்க முடியும்.

மலையின் உயரத்தை அக்காலத்தில் மூன்று வழிகளில் கண்டனர். முதலாவது, முக்கோண அளவை. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய பெரும் அளவைப் பணி இம்முறையைச் சார்ந்தது. இதற்குப் பெரிய கருவிகளும் பல ஆட்களும் வேண்டும். இரண்டாவது, பாரமானி. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், பாதரச மட்டத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம். ஆனால் நீண்ட கண்ணாடிக் குழாயை மலைப்பாதையில் உடையாமல் கொண்டு செல்வது கடினம்.

மூன்றாவது முறைக்கு ஒரு வெப்பமானியும் ஒரு பாத்திரமும் போதும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் சுமார் 92.5 டிகிரியிலும், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் சுமார் 91 டிகிரியிலும் கொதித்துவிடும். உதகையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவதன் காரணம் இதுவே. இம்முறையில் வெப்பமானி 0.1 டிகிரி தவறினால் உயரத்தில் 30 மீட்டர் தவறிவிடும். எனவே, இப்படிக் கண்ட உயரங்களில் சிறு வேறுபாடுகள் இருப்பது வியப்பன்று.

வெப்பநிலையும் இவ்வாறே. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரி 6.5 டிகிரி குறையும். சமவெளியில் 28 டிகிரி எனில், உதகையில் சுமார் 13 அல்லது 14 டிகிரி இருக்கவேண்டும். உதகையின் ஆண்டுச் சராசரி இதை ஒட்டியே அமைந்துள்ளது.

சரியான அறிவுரை, தவறான காரணம்

மலையடிவாரக் காடுகளில் இரவில் தங்கினால் கொடுங்காய்ச்சல் வரும். பகலிலேயே அவ்விடத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது அக்காலப் பயணிகளிடையே வழங்கிய எச்சரிக்கை. அழுகிய இலைகளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர்கள் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

உண்மைக் காரணம் 1897இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பு நீலகிரிக்கு வந்திருந்தபோது, சீகூர் மலைப்பாதைப் பகுதியில் அவருக்கே மலேரியா கண்டது குறிப்பிடத்தக்கது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கிறது. உயர்ந்த மலைமேல் குளிர் மிகுதி. கொசுவின் உடலில் கிருமி முதிர்ச்சி அடைய அங்கே போதிய வெப்பம் இல்லை. ஆகவே, இரவில் அடிவாரத்தில் தங்காதே என்ற அறிவுரை சரியானது. கூறிய காரணம் மட்டுமே தவறு. அனுபவத்தில் பிறந்த குறிப்பு காரணம் தெரியாமலும் உண்மையாக இருக்கக்கூடும்.

நூல்கள் காணத் தவறியது

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். நீலகிரியின் மேல்தளத்தைக் கண்டவர்கள் ஒரே வகையான காட்சியைத்தான் எழுதினர். அலையலையான புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் ஓடையை ஒட்டி அடர்ந்த சிறு சோலைகள். இந்த வருணனை மதிப்புமிக்க சான்றாகும். 1840களுக்கு முன்பே மேடுகளில் புல்லும் பள்ளங்களில் சோலையும் இருந்தன என்பதை அது காட்டுகிறது.

ஆனால் வருணித்தவர்களின் மனத்தில் வேறொரு எண்ணமும் இருந்தது. அப்புல்மேடுகள் அவர்களுக்கு இங்கிலாந்தின் புல்வெளிகளை நினைவூட்டின. வீடு கட்டலாம், உருளைக்கிழங்கு பயிரிடலாம், மரம் நடலாம் என்று எழுதினர். உழவில்லாத நிலம் அரசுப் பதிவுகளில் தரிசு எனப்பட்டது. தோடர்களின் எருமைகளுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். அவர்களுடைய மந்துகளும் கோயில்களும் சடங்குகளும் அப்புல்லோடு பின்னிக் கிடந்தன. இச்செய்திகளை அதே நூலாசிரியர்கள் வேறோர் அத்தியாயத்தில் விரிவாக எழுதியும் இருக்கின்றனர். மக்களைப் பற்றிய அத்தியாயத்தையும் நிலத்தைப் பற்றிய அத்தியாயத்தையும் இணைத்துப் பார்க்கத்தான் தவறினர்.

விளைவு பெரியது. உதகையும் வெலிங்டனும் வளர்ந்தபோது விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. பற்றாக்குறையை ஈடு செய்ய ஆஸ்திரேலியாவின் சீகை மரங்களும், 1843இல் தைலமரம் எனப்படும் யூகலிப்டசும் கொண்டுவரப்பட்டன. பெரு நாட்டில் தாம் மேற்கொண்ட பயணத்தின் பயனாகக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860களின் தொடக்கத்தில் சிங்கோனாவை இங்கு சேர்ப்பித்தார். அதைப் பற்றி 1862இல் ஒரு பயண நூலும் எழுதினார். நாடு விடுதலை பெற்ற பின்பும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் செய்யும் மரக்கூழுக்காகவும் மேலும் பல புல்மேடுகளில் மரங்கள் நடப்பட்டன. பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, நான்கு பதிற்றாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. புல்மேட்டை நம்பி வாழும் வரையாடு, நம் மாநில விலங்கு, இதனால் ஒதுக்குப்புறப் பாறைச் சரிவுகளுக்குள் சுருங்கியது.

சதுப்பு தரும் சான்று

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1820இல் புல் இருந்தது சரி. அதற்கு முன்பு அங்கு காடு இருந்து, மனிதர்கள் அதை எரித்துப் புல்லாக்கியிருக்கலாம் அல்லவா? இவ்வாதம் நெடுங்காலம் நடந்தது. பயண நூல்களால் இதைத் தீர்க்க முடியாது. அவற்றின் சாட்சி 1603க்கு அப்பால் செல்லாது. ஆகவே விஞ்ஞானிகள் மண்ணை நாடினர்.

நீலகிரியின் பள்ளங்களில் சதுப்புகள் உள்ளன. அங்கே மடியும் தாவரங்கள் முழுதும் மட்காமல், முற்றா நிலக்கரி எனப்படும் பீட்டாக அடுக்கடுக்காகப் படிகின்றன. ஆழமான அடுக்கு பழமையானது. கார்பன்-14 முறையால் ஒவ்வோர் அடுக்கின் வயதையும் காணலாம். அதில் இருந்த தாவரம் எது என்பதை மற்றொரு கார்பன் சொல்லிவிடும். காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. சிறு பகுதி கார்பன்-13. ஒளிச்சேர்க்கையின்போது சோலை மரங்கள் கார்பன்-13ஐப் பெரிதும் விலக்குகின்றன. இவை சி-3 தாவரங்கள். வெப்பநாட்டுப் புல்வகைகளில் பல சி-4 வகை. அவை அவ்வளவாக விலக்குவதில்லை. எனவே, பீட்டில் கார்பன்-13இன் விகிதத்தை அளந்தால் அக்காலத்தில் ஓங்கியிருந்தது எவ்வகை என்று தெரிந்துவிடும்.

சுகுமார், ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் இம்முறையில் நீலகிரிப் பீட்டை ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து வறண்டிருந்தபோது, சி-4 புல்வகைகள் ஓங்கியிருந்தன. பருவமழை வலுப்பெற்ற காலத்தில் சி-3 தாவரங்கள் பெருகின. மழை குறைந்தபோது மீண்டும் புல் முந்தியது. காடும் புல்லும் மழையின் போக்கிற்கேற்பப் பல ஆயிரம் ஆண்டுகளாக முன்னும் பின்னும் நகர்ந்து வந்திருக்கின்றன. ஆகவே, நீலகிரியின் புல்வெளி அழிந்த காட்டின் எச்சம் அன்று. உழவும் கோடரியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கிருந்த இயற்கை அமைப்பு அது. பயணிகள் கண்ணால் கண்டதும் சதுப்பு காட்டுவதும் ஒத்துப்போகின்றன. மீட்கும் பணியில் புல்மேட்டைப் புல்மேடாகவும், சோலையைச் சோலையாகவும் மீட்கவேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

நாள் குறித்தலின் பயன்

மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட குறிப்புகள் தரும் பயனுக்குக் குறிஞ்சி நல்ல எடுத்துக்காட்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மலைவாழ் மக்கள் இதை முன்பே அறிவர். ஆண்டு குறித்த பதிவுகள் 1838 முதல் கிடைக்கின்றன. அன்றிலிருந்து 12, 12 ஆகக் கூட்டிக்கொண்டு வந்தால் 1982, 1994, 2006, 2018 ஆகியவை வருகின்றன. அவ்வாண்டுகளில் குறிஞ்சி பூத்ததை இன்று வாழ்பவர்களே கண்டிருக்கின்றனர். ஒரே ஒருவர் வாழ்நாளில் இதைச் சரிபார்த்து உறுதி செய்வது எளிதன்று. 'பூத்தது' என்பதோடு நிறுத்தாமல் 'இந்த ஆண்டில், இந்த இடத்தில் பூத்தது' என்று பலர் எழுதிவைத்ததால்தான் அது விஞ்ஞானச் சான்றாயிற்று.

திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில், பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். பாலாற்றுக்கு வடக்கேயுள்ள நிலப்பகுதியின் பாறைகளையும் கூழாங்கல் படிவுகளையும் நடந்து ஆராய்ந்து 1873இல் விரிவான நூல் எழுதினார். இடத்தையும் அடுக்கையும் துல்லியமாகக் குறித்திருந்ததால், நூறாண்டுக்கு மேல் கழித்தும் ஆய்வாளர்கள் அதே இடத்துக்குச் செல்ல முடிந்தது. சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு, அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் தெரிவித்தது. பூண்டியிலுள்ள அகழ்வைப்பகத்தில் இப்பகுதியின் கற்கருவிகளை மாணவர்கள் காணலாம்.

எப்படிப் படிப்பது?

பழைய பயண நூல் ஒன்று கைக்குக் கிடைத்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் எந்த ஆண்டில் சென்றார்? எந்த மாதத்தில்? கோடையில் மட்டும் மலையைக் கண்டவர் மழைக்கால மலையை அறியார். எந்த வழியாகச் சென்றார்? பாதைக்கு இருபுறமும் உள்ளதே பெரும்பாலும் அவர் கண்ணில் படும். எதற்காகச் சென்றார்? நோயாளி காற்றைப் பார்ப்பார். வணிகர் மரத்தைப் பார்ப்பார். யாத்திரிகர் நீரையும் நிழலையும் பார்ப்பார். கடைசியாக, அவர் அளந்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தாமே முடிவு செய்தது எது?

இக்கேள்விகள் நாம் எழுதும் குறிப்புகளுக்கும் பொருந்தும். பெரியபாளையத்தில் ஆரணியாற்றில் வெள்ளம் வந்த நாள், வறண்ட மாதம், கரையில் நிற்கும் மரங்கள், ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதி வரலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஓர் அளவுகோலும், இடத்தையும் நாளையும் தவறாமல் குறிக்கும் பழக்கமும் போதும். தொழிற்சாலைகளும் சாலைகளும் வேகமாக வளரும் பகுதி இது. இங்கே முன்பு என்ன இருந்தது என்று நாளை ஒருவர் கேட்கும்போது, அந்த நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும்.